காலில் கட்டிய வலை ஈயம்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். எனக்குக் கல்யாணமாகி நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஏரியில் இறால் குறைந்து போகும் கோடையில் எங்கள் ஊர் ஆம்பிளைகள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கூலி வேலைக்குப் போவார்கள். அப்படித்தான் என் வீட்டுக்காரரும் ஒரு இரும்புப் பட்டறையில் லாரிக்குச் சரக்கு ஏற்றப் போனார். கம்பிக் கட்டு ஒன்று சரிந்து விழுந்ததில் வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்துவிட்டது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். தலைக்கு வந்தது காலோடு போயிற்று என்று மனசைத் தேற்றிக்கொண்டோம்.

ஆவணியில் கட்டைப் பிரித்தார்கள். அந்தக் கால் முருங்கைக்காய்க்குத் தோல் போர்த்தின மாதிரி இருந்தது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனிமேல் பக்கத்து அறையில் பயிற்சிக்கு வரவேண்டும் என்று டாக்டர் சொன்னார். கூடிவிட்டது என்ற வார்த்தைக்கு மேல் எங்கள் காதில் எதுவும் ஏறவில்லை.

எங்களுக்கு அப்போது இருந்த ஒரே கவலை பாடு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் சிலதுதான். அங்கே யார் என்றைக்கு வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பார்கள். அதைத்தான் பாடு என்போம். எங்கள் ஊர்க் கட்டுப்பாடு ரொம்பக் கறார். முறை வந்த ஆள் தானே தண்ணீரில் இறங்கிக் கழி ஊன்றி வலை கட்ட வேண்டும். மாமனையோ மச்சானையோ அனுப்பினால் செல்லாது. மழை முடிந்து இறால் குவிகிற தை மாசத்தில் முறையைக் கோட்டை விட்டவன் பெயரை அடுத்த சீட்டில் சேர்க்கவும் மாட்டார்கள். இவருடைய முறை தையில்தான் வந்திருந்தது. இடுப்பளவு தண்ணீரில், ஏரித் தண்ணீர் கடலுக்கு வடிகிற இழுப்பை எதிர்த்து நிற்கக் கால் வேண்டுமே! இவருக்கோ வாசல் வரை நடந்தாலே கால் வெடவெடவென்று நடுங்கியது.

பக்கத்து வீடு இவருடைய அக்கா வீடு. எனக்கு அண்ணி. தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவளும் நானும் போட்டி போட்டுக்கொண்டு சூடு கொடுத்தோம். மணலைச் சட்டியில் வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம். நொச்சித் தழை போட்ட வெந்நீர். மத்தியானத்தில் வெயில் ஏறின மணலில் காலைப் புதைத்து வைப்பது. இவர் கண்ணை மூடிக்கொண்டு, "சொகமா கீதுக்கா" என்பார். முடிந்ததும் போர்வை போர்த்திப் படுக்க வைத்துவிடுவோம். ராஜ உபசாரம்தான் போங்கள்! ஒரு சொம்புத் தண்ணீர் மொள்ள எழுந்தால்கூட அண்ணி பதறிக்கொண்டு ஓடிவருவாள்.

"ஒட்ன எலும்பு இன்னும் பச்சையா கீது. ஆட்டாத நைனா, குந்து!"

வலி போய்விட்டது. ஆனால் கால் மட்டும் ஒரு சுற்றுகூடப் பெருக்கவில்லை. ஐப்பசி மழை ஆரம்பித்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அடம்பிடித்து அவரைப் பொன்னேரியில் ரயிலேற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

பயிற்சி அறையில் இருந்த அம்மாளுக்கு என் வயசுதான் இருக்கும். ஆடுசதையை அழுத்திப் பார்த்துவிட்டு, "சூடு வெச்சீங்களா?" என்று கேட்டார். போச்சுடா, திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"நல்ல காரியம் பண்ணீங்க. சூடு பட்ட இடத்துல ரத்தம் நல்லா ஓடும். அது இல்லேன்னா சதை இன்னும் வத்திப் போயிருக்கும்" என்றார். இதைக் கேட்க அண்ணி அங்கே இல்லையே என்று எனக்கு ஆதங்கமாக இருந்தது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை.

"ரத்தம் சாப்பாட்டைக் கொண்டுவந்து இலையில வைக்கும், அவ்ளோதாம்மா. அதைத் தின்னு செரிச்சுத் தெம்பாக்கிக்க வேண்டியது சதை. வேலை இல்லாத சதைக்குப் பசி எடுக்காது. இவர் காலுக்கு இப்ப பசியே மறந்து போச்சு."

ஒரு சின்ன மணல் பையைக் கணுக்காலில் கட்டி, பெஞ்சில் உட்காரவைத்துக் காலை நீட்டச் சொன்னார். நாலு தடவை நீட்டுவதற்குள் இவருக்கு முகமெல்லாம் வியர்த்துக் கொட்டியது. எத்தனையோ மூட்டை தூக்கின மனுஷன், அழப் போகிற குழந்தை மாதிரி என்னைப் பார்த்தார். ஒடிந்த இடத்தில் சுரீரென்று வலித்தால் நிறுத்திவிட வேண்டும், சதை மட்டும் எரிந்தால் பயப்பட வேண்டாம், முதலில் சூடு, சூடு ஆறுவதற்குள் வேலை, தினமும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போகவேண்டும் என்று அந்த அம்மாள் என்னிடம் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த வேலைதான் ஊரையே கூட்டிவிட்டது. நான் தைத்துக் கட்டிய மணல் பை நழுவிக்கொண்டே இருந்தது. பழைய வலையில் இருந்த ஈயக்குண்டுகளை அவிழ்த்துத் துணியில் சுற்றி அவர் காலில் கட்டினேன். எங்கள் ஜனங்களுக்கு ஏரித் தண்ணீர் கங்கம்மா என்கிற தாய், வலையும் சாமிதான். தவறிப்போய்க் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். எனக்கு அந்த அவசரத்தில் அது தோன்றவே இல்லை. அண்ணி பார்த்துவிட்டு ஊர் கூடுகிற மாதிரிக் கத்தினாள்.

"அடிப்பாவி! சோறு போட்ற வலையோட ஈயத்தக் கால்ல கட்டிக்கினு கீறியே! கங்கம்மா சும்மா உடுவாளா?"

இவரும் சேர்ந்துகொண்டார். துணியை அவிழ்த்து வீசினார். "சூடு குடுத்தியா, அத்தோட உடு. ஒடம்பப் பேஜாரு பண்ணாத."

எனக்கும் வந்ததே கோபம்! "எக்கேடோ கெட்டுப் போய்யா" என்று சொல்லிவிட்டு, அப்புறம் பயிற்சி என்ற பேச்சையே எடுக்கவில்லை. அண்ணி தன் பாட்டுக்கு மணல் வறுத்துக்கொண்டிருந்தாள்.

மழை விட்ட ஒரு சாயங்காலம் இவரைக் காணோம். தேடிக்கொண்டு போனால், கரையோரம் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறார். நின்று பார்க்கலாம் என்று தானே இறங்கியிருக்கிறார். சேறு இழுத்ததும் கால் மடங்கிவிட்டது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர், "இன்னாபா, இந்த நேரத்துல குளியலா?" என்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. நான் இறங்கித் தோளைக் கொடுத்தேன். என் மேல் சாய்ந்தபடியே வீடு வந்தார்.

உள்ளே வந்ததும் மூலையில் கிடந்த ஈயத்தை அவரே எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு, "தாயே, உன்கிட்ட எறங்கறத்துக்குத்தான். கோச்சுக்காத" என்றார். அப்புறம் காலை என் பக்கம் நீட்டினார். "இந்தா, கட்டுமே."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தினமும் கூத்துதான். ஒத்தடம் கொடுத்துச் சூடு தெரிகிறபோதே ஈயத்தைக் கட்டுவேன். காலை நீட்ட வேண்டும், மடக்க வேண்டும். பிறகு ஈயத்தை அவிழ்த்துவிட்டு, வீட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். போதும் என்று அவர் கெஞ்சுவார். "இன்னும் ஒருவாட்டி" என்பேன். வாய்க்கு வந்தபடி திட்டுவார். தெருவில் எனக்கு ராட்சசி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அண்ணி என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கே போதும் என்று சொல்லிவிடலாம் போல இருக்கும். ஒருவேளை அண்ணி சொல்வதுதான் சரியோ, எலும்பு மறுபடி விட்டுவிடுமோ என்று பயந்து பயந்துதான் "இன்னும் ஒருவாட்டி" சொன்னேன். ஆனாலும் சொன்னேன். மார்கழி வாக்கில் கம்பத்தைப் பிடிக்காமலே நின்றார். காலைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே சதை திரண்டு உருண்டது.

தையில் முறை வந்த அன்று படகில் ஏற்றும்போது அண்ணி அழுதுகொண்டே கற்பூரம் கொளுத்தினாள். வேறொருவர் கோல் தள்ள, இவர் படகில் குந்தியபடிதான் போனார். வலை கட்டும் இடம் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. நீர் வடிந்து முடிகிறவரைக்கும் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கால் மடங்கினால் அங்கே தோள் கொடுக்க நான் இல்லையே என்பதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

வெயில் ஏறின பிறகு படகு தெரிந்தது. கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் நின்றபடி வந்தார். இவர்தான். இரண்டு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். கரையில் இறங்கியதும், "இரு நைனா, மணலு வறுத்துக் கொணாறேன்" என்று ஓடப் பார்த்தாள். இவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சூடு அப்பால குடுக்கா. மொதல்ல ஊடு வரைக்கும் நடக்கறேன்."

நனைந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு தெரு முழுக்க நடந்தார். அண்ணி எத்தனையோ வாரத்துக்குப் பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். இரண்டு பேருமே அழுதோம்.

நோவு வந்த ஆளுக்கு ஒத்தடம் கொடுக்க ஊரில் நிறைய கை இருக்கும், ஆனால் அவர் திட்டுவதையும் வாங்கிக்கொண்டு "இன்னும் ஒருவாட்டி" என்று சொல்வதற்குத்தான் அதைவிடப் பெரிய பாசம் வேண்டியிருக்கிறது என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.