ஐயாவு மறைத்த ஒரு நாள்

லகாட் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தை முதலாளி துண்டாடி விற்றதும் ஐயாவு மனைவி மங்களத்தோடு நகரத்தை ஒட்டிய புந்தோங்குக்கு வந்தார். அவருக்குப் பால் மரம் சீவத்தான் தெரியும். நகராட்சியில் கக்கூஸ் வாளி எடுக்கும் வேலை கிடைத்தது. சந்துகளில், ஒவ்வொரு வீட்டின் பின்புறமும் உள்ள சின்னக் கதவைத் திறந்து, நிறைந்த வாளியை இழுத்துவிட்டுக் காலி வாளியை உள்ளே தள்ள வேண்டும். நாற்றம் மூன்றே மாதத்தில் பழகிவிட்டது.

எழுபத்து நாலில் ஊருக்குள் காலராப் பேச்சு எழுந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் சதாசிவம் வாளிக்காரர்களைக் கூட்டி நிறுத்தினார்.

"வாளியில கஞ்சித் தண்ணி மாதிரி பாத்தீங்கன்னா ஒடனே வந்து சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்கு முன்ன நமக்குத்தான் தெரியும்."

நாலாம் நாள் காலை, ரோசம்மா வீட்டு வாளியில் ஐயாவு அதைப் பார்த்தார். வெளுத்த தண்ணீர், அதில் சோற்றுப் பருக்கை போலச் சின்னச் சின்ன மிதவைகள். சந்து முனையில், தன் வீட்டு முன்னாலேயே இட்லி விற்பவள் ரோசம்மா. வேலைக்கு இறங்குமுன் அவள் கடையில்தான் நாலு இட்லி தின்றிருந்தார்.

சத்தம் கேட்டுப் பின்கதவுக்கு ஓடி வந்த ரோசம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணே, சொல்லிடாதீங்கண்ணே. எங்க வூட்டுக்காரரு டொமினிக் கெட்ட மீன தின்னுட்டாரு, அதான். இன்ஸ்பெக்டர் வந்தா கடைய பூட்டிருவாங்க லா. மூணு புள்ளைங்கண்ணே."

ஐயாவு வாளியில் பினாயிலை ஊற்றிவிட்டு நடந்தார்.

அன்று அவர் வீட்டுக்குள் போகவில்லை. குழாயடியில் மூன்று முறை சோப்புப் போட்டுக் குளித்தார்.

"என்னாச்சு, உள்ள வாங்க" என்றாள் மங்களம், இடுப்பில் கைக்குழந்தையோடு.

"கிட்ட வராத. காய்ச்ச மாதிரி இருக்கு. வெளியவே படுத்துக்கிறேன்."

வயிற்றுக்குள் சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்துகொண்டார். தண்ணீரைக்கூடப் பயந்து பயந்துதான் குடித்தார்.

மறுநாளும் அதே தண்ணீர், வாளி விளிம்புவரை. முன்னால் கடையில் இட்லிப் பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பெஞ்சில் தையல்காரர் சின்னையா உட்கார்ந்து சாம்பாரில் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐயாவு வாளியைப் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டு நகராட்சி அலுவலகத்துக்கு ஓடினார். சதாசிவத்தின் மேசை முன்னால் போய் நின்றார்.

"ரோசம்மா வீடு சார்... இட்லிக்காரி."

மத்தியானத்துக்குள் ஆம்புலன்ஸ் வந்தது. கண் குழிவிழுந்த டொமினிக்கைத் தூக்கிப் போனார்கள். கூட்டத்தில் நின்ற ஐயாவுவை ரோசம்மா பார்த்தாள், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

சந்து முழுக்க மருந்தடித்து, எல்லாரிடமும் மலம் எடுத்துச் சோதித்தார்கள். முடிவுக்காக ஐந்து நாள் ஐயாவு தனியே, வீட்டுக்கு வெளியே கொட்டகை ஓரத்தில் கிடந்தார். மங்களம் சோற்றைத் தூர வைத்துவிட்டு அழுதாள். மூன்றாம் நாள் சின்னையாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நாலாம் நாள் சாயங்காலம் செத்துப்போனார்.

ஐயாவுவுக்கு ஒன்றுமில்லை என்று தாள் வந்தது. அதை வாங்கிக்கொண்டு அவர் போகாமல் நின்றார்.

"நான் ஒரு நாளு முன்னாடி சொல்லியிருந்தா, சார்?"

சதாசிவம் பேனாவைக் கீழே வைத்தார். "தெரியல ஐயாவு. நெசமா எனக்குத் தெரியல."

டொமினிக் பிழைத்துத் திரும்பினார். ரோசம்மா ஐயாவுவிடம் அப்புறம் பேசியதேயில்லை. அவரோ அதற்குப் பிறகு எந்த வாளியையும் இரண்டு தடவை பார்க்காமல் விட்டதில்லை. கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் ஓடிப்போய்ச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் வெறும் வயிற்றுப்போக்காகத்தான் இருக்கும். சந்தில் ஏச்சு விழும். வாங்கிக்கொள்வார்.

எண்பத்து மூன்றில் சந்துக்கெல்லாம் தண்ணீர்க் கக்கூஸ் வந்தது. கூட வேலை செய்தவர்கள் கோழி அடித்துக் கொண்டாடினார்கள். ஐயாவு மட்டும் இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"சாப்புடுங்க லா அண்ணே, இனி வாளி இல்ல" என்றான் ஒருவன்.

"இனி எந்த வூட்ல என்னா இருக்குன்னு யாருக்குடா தெரியும்?" என்று கேட்டார் ஐயாவு.