ஓட்டைக் கண்ணாடிதான் வேண்டும் என்ற கொழுந்தன்

யாருக்குப் பாதுகாப்புக் கண்ணாடி எடுத்துக் கொடுத்தாலும் முதலில் தான் போட்டுப் பார்ப்பாள். குனிந்து தலையை ஓர் உலுக்கு உலுக்குவாள். நழுவினால் பட்டையை இறுக்கி மறுபடியும் உலுக்குவாள். மதியத்துக்குள் கண்ணைச் சுற்றி ரப்பர் தடம் வட்டமாகப் பதிந்துவிடும். இரும்புப் பட்டறையின் சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிற அவளுக்கு ‘ஆந்தையக்கா’ என்று பெயர் விழுந்தது அப்படித்தான்.

வெல்டிங்காரர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி. கிரைண்டிங் பக்கம் பொறி பறக்கும். அங்கே ஓரமும் மறைத்த கனத்த வெள்ளைக் கண்ணாடி. கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார்கள், கொழுந்தனைத் தவிர. கம்பிகளின் துருவை எடுக்கும் ஆசிட் தொட்டி அவன் பொறுப்பு. அவன் கேட்டதோ, கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கென்று வைத்திருந்த, சுற்றிலும் ஓட்டை போட்ட அகலக் கண்ணாடி.

“தூசிக்குத்தான் தம்பி அது. ஆசிட் என்ன உன்னக் கேட்டுக்கிட்டா உள்ள வரும்? மூடினத போட்டுக்க.”

“அதுல ஆவி கட்டுது அண்ணி. வீட்லதான் உங்க ராஜ்ஜியம்னா இங்கயுமா?”

“சரி, உன் இஷ்டத்துக்கே போட்டுக்கிட்டு நில்லு.”

ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து அவன் முகத்தில் வீசினாள். ஓட்டை வழியாகப் புகுந்த தண்ணீர் கன்னத்தில் ஒழுகியது.

“அண்ணி திட்டினதுக்கு அழுவுறான்டா!” என்று கிரைண்டர்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூடின கண்ணாடியை வாங்கிப்போனான்.

அந்த வாரமே கம்பிக்கட்டு ஒன்று அவன் கைதவறித் தொட்டிக்குள் விழுந்து ஆசிட் தெறித்தது. அலறல் கேட்டு ஓடினாள். குழாயடியில் இழுத்துப்போய் நிறுத்தி, முகம் முழுக்கத் தண்ணீர் அடித்துக் கழுவிய பிறகே கண்ணாடியைக் கழற்றினாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது.

“கண்ணு? கண்ணு தெரியுதாடா?”

“தெரியுது அண்ணி. கிட்ட வந்தா ஆந்தைகூடத் தெரியுது.”

ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அவன் மனைவி வந்து உண்மையைப் போட்டு உடைத்தாள். அவனுக்குப் பார்வை மங்கி மாசக்கணக்காகிறது. வேலை போய்விடும் என்று பவர் கண்ணாடியைச் சட்டைப்பையில் ஒளித்துவைத்து, தொட்டிக்கிட்டே போனதும் எடுத்து மாட்டுவான். அதற்கு மேல் உட்காருவது அந்த ஓட்டைக் கண்ணாடி மட்டும்தான். அன்றைக்கு மூடினதைப் போடுவதற்காகப் பவர் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, குத்துமதிப்பாகக் கம்பியை இறக்கியிருக்கிறான்.

முதலாளியிடம் ஆந்தையக்காவே போய்ப் பேசினாள். அவன் வேலைக்கு ஆபத்து ஒன்றும் வரவில்லை. அடுத்த முறை கண்ணாடி கொண்டுவந்த கடைக்காரரிடம் விசாரித்தபோதுதான் தெரிந்தது: பவர் கண்ணாடிக்கு மேலேயே போடுகிற மாதிரி, மூடினதிலேயே அகலமாக ஒன்று இருக்கிறதாம். இதுவரை யாரும் கேட்காததால் அவர் கொண்டுவந்ததில்லை.