உட்கார வைத்த இரண்டு வருஷம்

திண்டிவனத்தில் தம்பி மகள் கல்யாணம். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது மண்டபத்துக் கழிப்பறைக்குப் போன அம்சா, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க முடியாமல் மாட்டிக்கொண்டாள். பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒன்றுமில்லை. தரையில் கையை ஊன்றி எம்பினாள். தொடை வெடவெடவென்று நடுங்கியது. இடுப்பு ஒரு சாண் மேலே போய் அப்படியே இறங்கிவிட்டது. கூப்பிட வெட்கம். கால் மரத்துப்போன பிறகுதான் குரல் கொடுத்தாள்.

சமையல்காரர் ஒருவர் கம்பியால் தாழ்ப்பாளை நெம்பித் திறந்தார். மருமகள் கலைப்பிரியா உள்ளே வந்து, புடவையை இழுத்துவிட்டு, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். வெளியே பத்துப் பேர் நின்றிருந்தார்கள்.

"பாவம், வயசாயிடுச்சில்ல" என்றது ஒரு குரல்.

அம்சாவுக்கு அறுபத்தாறு வயதுதான். அன்று அவள் பந்தியில் உட்காரவில்லை.

விழுப்புரம் பக்கத்துக் கெடாரில் அவளுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். புருஷன் போன பிறகு பதினாறு வருஷம் தனியாளாகவே நிலக்கடலை போட்டாள், ஊர்ப் பேச்சில் மல்லாட்டை. மூட்டையைத் தலையில் ஏற்றிவிட்டால் போதும், கொல்லைக்காட்டிலிருந்து ரோடு வரைக்கும் நிற்காமல் நடப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முட்டி வீங்கியது. விழுப்புரத்து டாக்டர் மாத்திரை கொடுத்து, பத்து நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்.

பத்து நாள் முடிந்தது. மகன் குமரேசன் விடவில்லை. "நீ ஒழைச்சது போதும்மா, கம்முனு ஒக்காரு" என்று களைக்கொத்தை வாங்கிப் பரண்மேல் போட்டான். கலைப்பிரியா தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொட விடவில்லை. செரிக்காது என்று கஞ்சியும் ரசஞ்சோறும்தான் போட்டாள். யாரும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அம்சாவுக்கும் முதலில் அது பிடித்துத்தான் இருந்தது. டிவி முன்னால் நாற்காலி, கேட்காமல் வரும் டீ. ரவிக்கைக் கை தொளதொளத்தபோது, இளைத்திருக்கிறோம் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு மறுநாள் தம்பி அவளைத் தெருமுனையில் இருந்த பிசியோதெரபி கிளினிக்குக்கு அழைத்துப் போனான். குமரேசனும் கூட வந்தான். அங்கே பிசியோதெரபிஸ்டாக இருந்தவள் தஸ்லீமா, கோட்டக்குப்பத்துப் பெண்.

"கையை மார்ல கட்டிக்கினு நாற்காலிலேர்ந்து எழுந்திருங்கம்மா."

அம்சாவால் ஒரு தடவைகூட முடியவில்லை. தஸ்லீமா அவள் தொடையை அழுத்திப் பார்த்தாள். முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"முட்டி நல்லாத்தான் இருக்குது. சதைதான் கரைஞ்சிபோச்சு. வயசானா எல்லாருக்கும் கொறையும். ஒக்காந்தே இருந்தா ஜல்தியா கொறையும். சாப்பாட்டுலயும் சத்து இல்ல. டாக்டர் எத்தினி நாளு ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு?"

"பத்து நாளு."

"நீங்க எத்தினி நாளு எடுத்தீங்க?"

அம்சா திரும்பி மகனைப் பார்த்தாள். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பலம் திரும்ப வருமா?" என்றாள் அம்சா.

"பழைய பலம் பூரா வராதும்மா. எழுந்து நடக்க, கொஞ்சம் வேல செய்ய வரும். தெனமும் இப்பிடி நாற்காலிலேர்ந்து எழுந்து எழுந்து ஒக்காரணும். வலிக்கும்."

வீட்டு வாசலில் கால் வைத்ததும் அம்சா வெடித்தாள். "யாரக் கேட்டுடா என்னை ஒக்கார வச்ச?"

"நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன். பெத்தவள வெயில்ல வேல வாங்கறான்னு ஊரு பேசாதா?"

"அப்போ ஊருக்குப் பயந்துதான் என்னை முடமாக்கினியா?"

"அத்தே, டீ எடுத்தாரட்டுங்களா?" என்று வந்த கலைப்பிரியாவிடம், "முட்டை அவி, ரெண்டு" என்றாள்.

மறுநாள் காலையே ஆரம்பித்தாள். முதல் வாரம் நாற்காலியில் இரண்டு தலையணை வைத்து உயரமாக்கித்தான் எழ முடிந்தது. ஒவ்வொரு தடவையும் ஒருவரைத் திட்டிக்கொண்டே எழுந்தாள்: மகனை, மருமகளை, பாவம் என்ற குரலை. தன்னைத் திட்டும்போதுதான் குரல் அதிகமாக ஏறியது. கலைப்பிரியா குடத்தைக் கேட்டபோது விட்டுக்கொடுத்தது அவள் கைதானே. இரவில் தொடை விண்விண்ணென்று தெறிக்கும். காலையில் மறுபடியும் நாற்காலி. வேளாவேளைக்கு முட்டை, பயறு, அவித்த மல்லாட்டை.

நாலாவது மாதம் தலையணை இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்தாள். அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் கொல்லைக்குப் போய்க் களைவெட்டும் பெண்களோடு குந்தினாள். பாதிப் பாத்தி முடிந்ததும் பக்கத்தில் கிடந்த எருக்கூடையைத் தூக்கிப் பார்த்தாள். முன்னெல்லாம் ஒற்றைக் கையால் இடுப்பில் ஏற்றிய கூடை. இப்போது தரையைவிட்டு அசையவில்லை. ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

தூரத்திலிருந்து பார்த்த குமரேசன் வரப்பு மேல் ஓடி வந்து கையை நீட்டினான். "யம்மா, புடிச்சிக்கோ."

"கிட்ட வராத!"

அவன் நின்றுவிட்டான். அம்சா ஒரு காலை மடக்கினாள், முட்டியில் கையை ஊன்றினாள், மூச்சைப் பிடித்தாள். நேரமாயிற்று. களைவெட்டிய பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அம்சா எழுந்து நின்றாள்.

"கூடையில பாதிய எறக்கு" என்றாள் மகனிடம்.

அவன் இறக்கினான். அவள் மீதியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மகனோடு அவள் முகம் கொடுத்துப் பேச இன்னும் மூன்று மாதம் ஆனது.