கழுவிய முட்டைகள்

எங்கள் வீட்டில் வேலை செய்யும் செல்வியின் ஆற்றங்கரைக் குடிசையை இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே ஐந்தாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். அங்கே கோழி வளர்க்க முடியாது. அடையாறில் எங்கள் மொட்டைமாடிக் கீரைத் தோட்டத்தில் ஒரு சேவலையும் பெட்டையையும் கொண்டுவந்து விட்டாள்.

"முட்டைய அரிசில பொதைச்சு வைங்கக்கா. அடை வைக்கலாம்."

எச்சம் ஒட்டிய முட்டையை அரிசிக்குள் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கழுவி ஃபிரிட்ஜில் வைத்தேன். பத்து சேர்ந்ததும் செல்வி அடை வைத்தாள். கழுவி ஃபிரிட்ஜில் வைத்த முட்டை பொரிப்பது சந்தேகம் என்று பிறகுதான் போனில் படித்தேன். வாய் திறக்கவில்லை.

கொளுத்தும் வெயிலில், இரைக்குக்கூட சரியாக எழாமல், இருபத்தைந்து நாள் உட்கார்ந்திருந்தது அந்தக் கோழி. ஒன்றுகூடப் பொரிக்கவில்லை.

"அரிசிலதானே வச்சிருந்தீங்க?"

"ஆமாம்" என்றேன்.

"அப்ப இந்தக் கோழிதான் ராசியில்ல." பெட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் டப்பாவில் குழம்பு கொண்டுவந்தாள். "இத்தினி நாளு தீனி போட்டது நீங்கதானே. மொதல்ல உங்களுக்குத்தான்க்கா."

அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். சாப்பிட்டேன்.

இப்போதெல்லாம் கடை முட்டையைக்கூட நான் வெளியில்தான் வைக்கிறேன். செல்விதான், "கெட்டுடும்க்கா" என்று எடுத்து ஃபிரிட்ஜில் வைக்கிறாள்.