முட்டியை மடக்கு

தையல் கம்பெனியில் அவளுக்கு வைத்த பெயர் 'சட்டம்'. பட்டன் காஜாவில் ஒரு நூல் விலகினாலும் பிரித்துத் தைக்கச் சொல்கிற ஆள். அப்பேர்ப்பட்டவளின் பதினாறு வயது மகள் திருட்டு ஸ்கூட்டரில் பிடிபட்டு, பெண்பிள்ளைகளுக்கான சீர்திருத்த இல்லத்தில் இருக்கிறாள் என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

ஐந்து ஞாயிறாகப் போய் உட்கார்ந்தாள். ஐந்து ஞாயிறும், "பார்க்க மாட்டேங்கிறாம்மா" என்ற பதில்தான். காரணம் தெரியாமலா? ஸ்டேஷனில் அத்தனை பேர் முன்னால், "சட்டத்துக்குப் பயந்த குடும்பம்டி இது! உனக்கு எங்கேருந்துடி வந்துச்சு இந்தப் புத்தி?" என்று கத்தியவள் இவள்தான். மகள் சிரித்தாள். அது ஏனென்றுதான் இவளுக்கு விளங்கவில்லை. பெற்ற வயிறு, பாழாய்ப்போனது, ரோஷம் பார்க்குமா? ஆறாவது ஞாயிறும் கிளம்பிவிட்டாள்.

அன்று இல்லத்தின் ஆலோசகர் ஒரு தாளை நீட்டினார். சட்டத்தைப் பற்றிப் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று எழுதி வாங்கியது. "உங்ககிட்ட காட்டச் சொன்னதே அவதாம்மா."

'முதன்முதலில் சட்டத்தை மீறியது எப்போது?' என்ற கேள்விக்குக் கீழே மகளின் கோணல் எழுத்து: 'ஆறு வயசுல. பஸ்ஸுல. அம்மா முட்டியை மடக்கச் சொன்னாங்க.'

அடக் கடவுளே! பஸ் வாசல் கம்பியில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். தலை அதற்குக் கீழே இருந்தால் டிக்கெட் வேண்டாம். "முட்டியை மடக்குடி தங்கம், பாவாடை மறைச்சுக்கும்" என்று இவள் கிசுகிசுக்க, குட்டி வாத்து மாதிரி நடந்துபோய் ஜன்னலோரம் உட்காரும். வீடு வரைக்கும் இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்காது. அந்தச் சிரிப்பை இன்னொரு தரம் கேட்க எதை வேண்டுமானாலும் கொடுப்பாள். ஸ்டேஷனில் மகள் எதை நினைத்துச் சிரித்தாள் என்பது இப்போதுதான் உறைத்தது.

பேனா வாங்கி அதன் கீழேயே எழுதினாள்: 'ஆமாம். சொன்னது நான்தான். தப்பு என் மேலதான்.' ஆலோசகர் தாளை உள்ளே எடுத்துப்போனார்.

அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. மகள் தோளைக் குறுக்கி, தலையைத் தொங்கப்போட்டு வந்தாள்.

"நிமிர்ந்து வாடி" என்றாள் அம்மா.

"நிமிர்ந்தா உன்னைவிட உயரம்மா நான்."

"இருக்கட்டும்டி. டிக்கெட் எடுத்துக்கலாம்."