தெய்வானை அம்மா சேர்த்த பத்தொன்பது பேர்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தெய்வானை அம்மாவின் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்த எடுப்பிலேயே, "சொல்லுங்கம்மா, வண்டூர்ப் பிள்ளைங்க அட்மிஷன் என்னாச்சு?" என்று கேட்டேன். பேசியது அவர் கணவர் சுப்பையா. "சார், அவ போயிட்டா சார்" என்றார். விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். போனை வைத்ததும் எனக்கு அழுகை வரவில்லை. இந்த வருட அட்மிஷனை இனி யார் பார்ப்பது என்ற கவலைதான் முதலில் வந்தது. அந்தக் கவலையோடுதான் ஷாதிபூரில் அவர் வீட்டுக்குப் போனேன். தெரு முனை வரைக்கும் நின்ற கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் போனது யார் என்று உறைத்தது. அங்கே நின்றபடியே அழுதேன். இந்த மலரைப் படிக்கிற உங்களில் பலர் அன்று அந்தத் தெருவில் இருந்தீர்கள். கல்லூரி முதல்வர் ஏன் இப்படித் தேம்புகிறார் என்று சிலர் பார்த்ததும் எனக்குத் தெரியும். அதற்கான காரணத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என்னை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: போர்ட் பிளேரில் ஒரு சிறிய தனியார் கல்லூரிக்கு நான் முதல்வர். இங்கே பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறு வாரமே மெயின்லேண்ட் கல்லூரிகளின் ஆட்கள் வந்து லாட்ஜில் ரூம் போட்டுவிடுவார்கள். பளபளப்பான நோட்டீஸ், வேலைக்கு உத்தரவாதம், எல்லாம் இருக்கும். பிள்ளைகளுக்கும் கடல் தாண்டிப் போக ஆசை. மிச்சம் மீதிதான் எங்களுக்கு. நான்கு வருடங்களுக்கு முன், கணினி அறிவியலில் இருபது பேராவது சேராவிட்டால் அந்த வருடம் வகுப்பு நடத்த அனுமதி கிடையாது என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அந்தப் பிரிவு போனால் அதற்கடுத்தது மற்ற பிரிவுகள், அதற்கும் அடுத்தது நான். நான் எதற்கும் முன்கூட்டியே பயந்துவிடுகிற ஆள். கடிதம் வந்த அன்றே கல்லூரியை மூடிவிட்ட மாதிரி நடமாடத் தொடங்கிவிட்டேன்.

அட்மிஷனுக்கென்றே ஒரு ஆளை வேலைக்கு எடுக்கலாம் என்று எங்கள் செயலர் சொன்னார். நேர்காணலுக்கு மூன்று பேர் வந்தார்கள். தீவு தீவாக அலைய வேண்டும் என்றதும் ஒருவர் எழுந்து போய்விட்டார். இரண்டாவது ஆள் மெயின்லேண்டிலிருந்து வந்த இளைஞர். கழுத்தில் டை, கையில் லேப்டாப். "நாப்பது அட்மிஷன் என் பொறுப்பு சார்" என்றார். போகிறபோது ஒரு யோசனையும் சொன்னார்: "பசங்க சேர வந்ததும் ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்ட வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிருங்க சார். அப்புறம் எங்க போயிருவாங்க?" எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது.

மூன்றாவதாக வந்தவர் தெய்வானை. ஷாதிபூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கப்பல் டிக்கெட் வாங்க, ஸ்கூலில் சேர்க்க, ஆபீசில் மனுக் கொடுக்க என்று எதற்குக் காகிதம் நீட்ட வேண்டியிருந்தாலும் ஜனங்கள் அவரிடம்தான் போவார்கள். ஃபாரம் நிரப்பித் தருவதும் அவர்தான். அவருடைய அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து குடியேறியவர். அந்தத் தோட்டத்துத் தமிழும் இந்த ஊர் ஹிந்தியும் கலந்து தெய்வானை அம்மா பேசுவது எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் கேள்வி கேட்பதற்கு முன்னால் அவர் கேட்டார்.

"உங்க காலேஜுல சேந்துட்டுப் பாதியில நின்ன புள்ளைங்க எத்தன பேருங்க சார்? அவுங்க அட்ரஸ் கெடைக்குமா?"

"போனவர்கள் எதற்கம்மா? வருகிறவர்கள்தானே வேண்டும்?" என்றேன் எரிச்சலாக.

"மத்லப், என்னா சொல்றேன்னா, அவுங்க வீட்டுல நம்மளப் பத்தி என்னா பேசுறாங்கன்னு தெரியணுமில்ல? அது தெரியாம புதுசா ஒரு வீட்டுல போயி எப்படி ஒக்காருறது?"

செயலர் சிரித்துவிட்டார். ஹார்டுவேர் கடை நடத்துகிறவர் அவர். வாங்கிப் போனவர் ஏன் திரும்பி வரவில்லை என்று யோசித்துப் பழகியவர். "இவங்களையே போட்டுடுங்க" என்றார். என் ஓட்டு அந்த இளைஞருக்குத்தான் என்பதை அப்போதும் மறைக்கவில்லை, இப்போதும் மறைக்கவில்லை.

முதல் பத்து நாளும் அவர் நின்றுபோனவர்களின் வீடுகளுக்குத்தான் போனார். நான் தினமும் மத்தியானம் போன் செய்து எத்தனை பேர் என்று கேட்பேன். "இன்னும் ஒண்ணும் இல்லிங்க சார்" என்பார். பதினோராம் நாள் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "சார், நம்ம லேப் கிளாஸ் விடுறதுக்குள்ள வண்டூர் பஸ்ஸு போயிருது. அடுத்த பஸ்ஸுக்கு நிக்கிறதுக்குள்ள இருட்டிருது. பொம்பளப் புள்ளைங்க எத்தன நாளைக்கு நிக்கும்? மொதல்ல அத மாத்துங்க, நான் ஆள் கூட்டியாரேன்" என்றார். ஐந்தரைக்கே இருட்டிவிடுகிற ஊரில் இத்தனை வருடம் இருந்துகொண்டு இது எனக்குத் தோன்றவில்லை. முணுமுணுத்துக்கொண்டே கால அட்டவணையை மாற்றினேன். அதன் பிறகுதான் ஒவ்வொருவராக வந்தார்கள்.

இன்னொன்றும் செய்தேன். டை கட்டிய இளைஞர் சொன்னபடி, ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைக்கச் சொன்னேன். சாவி என்னிடம் இருக்கட்டும் என்றேன். தெய்வானை அம்மா ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் ஒரு ஃபைல் போட்டு அடுக்கினார். நான் பூட்டினேன்.

கடைசித் தேதி ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய புதன்கிழமை சௌல்தாரியிலிருந்து கவிதா என்கிற பெண் வந்து சேர்ந்தாள். அவள் இருபதாவது. ஆபீசில் எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தெய்வானை அம்மா கவிதாவின் அப்பாவோடு என் அறைக்கு வந்தார். பெயர் ராஜமாணிக்கம், கொஞ்சம் பாக்கு மரமும் காய்கறியும் வைத்திருக்கிறவர். "சார், பொண்ணுக்கு சென்னையில கவர்மென்ட் நர்சிங் சீட்டு வந்திருச்சு. அவளுக்கு அதுதான் சார் ஆச. புதன்கிழமைக்குள்ள ரிப்போர்ட் பண்ணணும். இன்னைக்கு மூணு மணிக்கு ஜஹாஜ், கப்பல் டிக்கெட்டும் கெடச்சிருச்சு. ஒரிஜினல் மட்டும் வேணும்" என்றார்.

சாவி என் கால்சட்டைப் பையில் இருந்தது. "சாவி செயலரிடம் இருக்கிறது. அவர் திக்லிபூர் போயிருக்கிறார். திங்கட்கிழமை வாருங்கள்" என்றேன்.

"திங்கக்கிழம வந்தா சீட்டு போயிருமே சார்."

"நான் என்ன செய்யட்டும்?"

தெய்வானை அம்மா என்னையே பார்த்தார். "நல்லா யோசிச்சுப் பாருங்க சார். சாவி இங்கதான் எங்கயாச்சும் இருக்கும்" என்றார். எவ்வளவு மெதுவாகச் சொன்னார் என்பது இன்னும் காதில் இருக்கிறது. "இல்லையம்மா" என்றேன். ராஜமாணிக்கம் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு என்னை உட்கார விடவில்லை.

ஒரு மணிக்கு மேல் பீரோவைத் திறந்தேன். கொடுக்கத் திறந்தேனா, பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கத் திறந்தேனா என்பது இன்று வரை எனக்கே தெரியாது. கவிதாவின் ஃபைலில் ஜெராக்ஸ்தான் இருந்தது. அடுத்ததை எடுத்தேன், அதிலும் ஜெராக்ஸ். இருபது ஃபைலிலும் ஒரு ஒரிஜினல்கூட இல்லை. இந்த அம்மா மெயின்லேண்ட் ஆட்களின் கையாள் என்று முடிவே கட்டிவிட்டேன். இருபது பிள்ளைகளின் சான்றிதழ்களையும் விற்றுவிட்டார், நாளைக்கு இருபது அப்பாக்கள் வந்து என் சட்டையைப் பிடிப்பார்கள். கவிதாவைக் கப்பலேற்ற அங்கேதான் போயிருப்பார் என்று ஆட்டோ பிடித்து ஹாடோ ஜெட்டிக்கு ஓடினேன்.

தெய்வானை அம்மா தூறலில் குடையோடு ஜெட்டியின் கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அப்பாவும் மகளும் உள்ளே போயாகிவிட்டது.

"ஒரிஜினல் எல்லாம் எங்கே?" என்று கத்தினேன்.

"கவிதாவோடது கவிதா கையில இருக்கு. மத்தது எங்க கடையில, பேரு எழுதி கவர்ல வச்சிருக்கேன். ஒங்க பீரோவுக்குள்ள போனா வெளிய வராதுன்னு பயமா இருந்திச்சுங்க சார்."

"பிறகு எதற்கு என்னிடம் வந்து சாவி கேட்டீர்கள்?"

"அந்த மனுசன் ஒங்க கையால வாங்கிட்டுப் போகணும்னு நெனச்சேன். கேட்ட ஒடனே எடுத்துக் குடுத்தாங்கன்னு சௌல்தாரியில போயிச் சொல்லுவாரு. நாலு வீட்டுல கேப்பாங்க. அதுக்குத்தானங்க சார் என்னைய வேலைக்கு வச்சீங்க?"

"இப்போது அவரிடம் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"சாவி கெடச்சிருச்சு, சார்தான் எடுத்துக் குடுத்து விட்டாருன்னு சொன்னேன்" என்றார். பிறகு குடையை என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார்.

திங்கட்கிழமை மாலை எண்ணிக்கை பத்தொன்பதில் நின்றது. அனுமதி கிடைக்கவில்லை. பெற்றோர்களுக்கு அனுப்ப ஒரு மெசேஜ் தயார் செய்தேன். அவர் தடுத்துவிட்டார். "சேருங்கன்னு வீட்டுக்குப் போயித்தான சொன்னோம்? இல்லன்னும் வீட்டுக்குப் போயித்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, பத்தொன்பது கவர்களையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஐந்து நாள் அலைந்தார். வண்டூரில் ஒரு வீட்டில் வாசலில் நிற்கவைத்தே திட்டியிருக்கிறார்கள். முழுவதையும் கேட்டுவிட்டு, கவரைக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பத்தொன்பது பேரில் பதினோரு பேர் எங்களிடமே வணிகவியலில் சேர்ந்தார்கள். கணினி வகுப்பு நின்றதால் வேலை இழந்த விரிவுரையாளருக்கு நான் போனில்தான் சொன்னேன். நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

அடுத்த வருடம் கணினி அறிவியலுக்கு இருபத்து மூன்று பேர் வந்தார்கள். அதில் ஏழு பேர் சௌல்தாரி. முதல்வர் தங்கமான மனுஷன், கேட்ட உடனே எடுத்துக் கொடுத்தார் என்று ராஜமாணிக்கம் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். ஒரு தடவை தெய்வானை அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். "அரே, விடுங்க சார். நீங்க பயந்துட்டீங்க. பயந்தவங்களயெல்லாம் கெட்டவங்கன்னா ஊருல யாரு மிஞ்சுவா?" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் பஸ் பிடிக்கப் போய்விட்டார். எனக்குத் தெரிந்து அந்தச் சாவி விஷயத்தை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. சுப்பையாவுக்குக்கூடத் தெரியாது.

அன்று ஷாதிபூரில் அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு ராஜமாணிக்கம் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கவிதா இப்ப கடைசி வருசம் சார். அன்னைக்கு நீங்களும் அக்காவும் இல்லைன்னா எங்க சார் போயிருப்பா? தம்பி பொண்ணையும் ஒங்ககிட்டதான் சேக்கப் போறோம்" என்றார். தலையை ஆட்டினேன். இந்த வருடம் இதுவரை பதினான்கு பேர்தான். அந்தப் பெண் வந்தால் பதினைந்து. அவர் கண்ணீரோடு பேசிக்கொண்டிருந்தபோது என் மனம் இந்தக் கணக்கைத்தான் போட்டது.

தெய்வானை அம்மாவிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு நல்ல பெயர். அதை அவர் எனக்கு வாங்கிக் கொடுத்தார். நான்கு வருடமாக அதை வைத்துப் பிழைக்கிறேன். அவர் இருந்தவரை அது கனக்கவில்லை, அது எப்படி வந்தது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

இந்தக் கட்டுரை அச்சாகி ராஜமாணிக்கம் கைக்குப் போவதற்கு முன்னால் சாவி அன்று என் பையில்தான் இருந்தது என்று நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும். நாளைக் காலை சௌல்தாரிக்குப் போகிறேன். கேட்டுவிட்டு அவர் தம்பி மகளைச் சேர்க்காமல் போனாலும் பரவாயில்லை என்று எழுதத்தான் ஆசை. அப்படி எழுத எனக்கு வாய்க்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. பயத்தோடேயே போகிறேன்.