முகூர்த்த நாளில் குதிரைக்குத் தண்ணீர் கிடையாது

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைக் குதிரை இருக்கிறது. பெட்டை. சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த என் கணவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மாப்பிள்ளை அழைப்புகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று அதை வாங்கினார். வாங்கியதோடு அவர் வேலை முடிந்தது. புல் போடுவது, லத்தி அள்ளுவது, குளிப்பாட்டுவது எல்லாம் நான். அதனால் அதைப் பற்றிப் பேசும் உரிமையும் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நினைப்புதான்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அழைப்புக்கு முந்தின இரவோடு குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதை நிறுத்திவிடுவார்கள். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்திருக்கும்போது அது மூத்திரம் பெய்துவிட்டால் அபசகுனமாம். அதோடு, புறப்படும் முன்பே நெற்றிப்பட்டமும் சலங்கையும் கட்டி, அலங்காரம் கலையாமல் இருக்கத் தலைக்கயிற்றை வண்டியின் முன்கம்பியில் உயரமாக இழுத்துக் கட்டிவிடுவார்கள். வண்டி என்றால் குட்டி யானை என்கிற சின்ன லாரி. நெல் மூட்டையும் அதில்தான் போகும், குதிரையும் அதில்தான் போகும். மூட்டைக்கு மூச்சுவிடத் தேவையில்லை. குதிரை தலையைக் குனிந்து இருமினால்தான் உள்ளே போன தூசி வெளியே வரும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"ஒரு வாளி தண்ணி காட்டிட்டு ஏத்துங்களேன்."

"நீ சும்மா இரு. கம்பளத்துல பேஞ்சு வச்சா அவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"செத்து வச்சா?"

"வாயக் கழுவு," என்றார் என் கணவர்.

போன வைகாசியில் ஒரத்தநாட்டில் ஓர் அழைப்பு. திருவிடைமருதூரிலிருந்து மத்தியான வெயிலில் கிளம்பினோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் தகரத்தில் குளம்பு வழுக்கும் சத்தம் கேட்டது. மெதுவாகப் போங்கள் என்றால், வண்டியை ஓட்டிய என் கணவர் நேரமாச்சு என்றார். தஞ்சாவூர் தாண்டியதும் அந்தச் சத்தமும் நின்றுபோனது. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தேன்.

மண்டப வாசலில் இறக்கியபோது குதிரை வேர்வையில் நனைந்திருந்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. முன்காலால் தரையைக் கீறியது. பிறகு பட்டமும் சலங்கையுமாகத் தெருவிலேயே படுத்துப் புரண்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஓடிவந்து, "பேண்டு செட்டு வந்தாச்சு, சீக்கிரம் எழுப்புங்க," என்றார். எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது. நல்லவேளை, கால்நடை மருத்துவக் கல்லூரி அந்த ஊரிலேயே இருந்தது. மாப்பிள்ளை காரில் போனார், நாங்கள் குதிரையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டரம்மா வயிற்றில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, "கடைசியா எப்ப தண்ணி குடிச்சுது?" என்றார்.

என் கணவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"நேத்து ராத்திரிங்க. நான் சொன்னா யாரு கேக்குறா?" என்றேன்.

குடலில் லத்தி இறுகிவிட்டதாம். மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தண்ணீரும் எண்ணெயும் ஏற்றினார். இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது என்றார். பொழுது சாயும் வரை கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டே இருந்தேன். ஆத்திரத்தில் அழுகையாக வந்தது. கடைசியில் அது லத்தி போட்டபோது என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி புத்தி வரும் என்று நம்பினேன்.

எங்கே! அடுத்த அழைப்பு தஞ்சாவூரில். காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்து கிடக்கிறது.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும். பெரிய எடம்," என்றார்.

தொட்டியை நிமிர்த்தி, குதிரை போதும் என்று தலையைத் தூக்கும் வரை ஊற்றினேன். பட்டத்தையும் சலங்கையையும் கழற்றிப் பையில் போட்டேன். தலைக்கயிற்றைத் தளர்த்திக் கட்டிவிட்டு, பின்னால் குதிரைக்குப் பக்கத்திலேயே வாளியோடு ஏறி நின்றுகொண்டேன்.

"இறங்கு. ரோட்டுல போறவன் எல்லாம் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். நீங்க வண்டிய எடுங்க."

வழியிலும் நிறுத்தச் சொல்லித் தண்ணீர் காட்டினேன். வழி முழுக்கக் குதிரை தலையைக் குனிந்து குனிந்து மூக்கைச் சீறிக்கொண்டே வந்தது.

மண்டப வாசலில் சிவப்புக் கம்பளம். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார், மேளம் கொட்டினார்கள். குதிரை பின்கால்களை அகட்டி நின்றது. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். அது அவசரமே இல்லாமல், தாராளமாகப் பெய்தது. மேளம் நின்றுவிட்டது.

"எவன்யா இதுக்குத் தண்ணி காட்டினது?" என்று பெண்வீட்டுக்காரர் ஒருவர் கத்தினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், "நான்தாங்க," என்றேன்.